கைக்கும் இரும்புக்கும் நடுவே

கும்மிடிப்பூண்டி பஜாரில் சந்திரமோகன் நடத்தும் பிளெக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் திலகவதியைப் பற்றிக் குறை சொல்லாமல் போனதில்லை. போட்டோவைக் கையில் வாங்கியதும் வேலையைத் தொடங்காமல் கேள்வி கேட்கிறாளே என்பதுதான் குறை. எங்க கட்டப் போறீங்க? காலையில வெயில் எந்தப் பக்கம் விழும்? பாக்கறவங்க நடந்து வருவாங்களா, பஸ்ல போவாங்களா? இடம் பக்கத்தில் இருந்தால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டரைத் தொடுவாள்.

"காதுகுத்து பேனருக்கு இத்தன விசாரணையா?" என்று சந்திரமோகன் தலையில் அடித்துக்கொள்வார். ஆந்திர எல்லையோரத்து மனிதர். கோபம் வந்தால் பேச்சு பாதி தெலுங்காகிவிடும். "டப்பு குடுக்கறவன் ரோஜாப்பூ கேட்டா ரோஜாப்பூ வெய்யிம்மா. நம்ம ஊட்டு செவுத்துலயா மாட்டப் போறோம்?"

திலகவதியும் ஒரு காலத்தில் ரோஜாப்பூ வைத்தவள்தான். மீஞ்சூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கோரல் டிரா கற்றுக்கொண்டு வந்தவளுக்கு, காலியாக ஒரு இடம் தெரிந்தாலே கை பரபரக்கும். மேகம், புறா, தங்க எழுத்து, எழுத்துக்குப் பின்னால் நிழல், நிழலுக்குப் பின்னால் ஒளிவட்டம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் பொன்னேரிக்குப் பஸ்ஸில் போகும்போது, நாள் முழுக்க உட்கார்ந்து தான் செய்த அஞ்சலி பேனர் ரோட்டோரமாக நிற்பதைப் பார்த்தாள். பார்த்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. கலர் துணி ஒன்று கொடியில் பறந்ததுபோல ஜன்னலைக் கடந்து போனது. செத்தவரின் பெயரைச் செய்தவளாலேயே படிக்க முடியவில்லை. அன்றைக்கு இறங்கித் திரும்பி நடந்து வந்து அந்த பேனரின் எதிரில் நின்றாள். எதையெல்லாம் எடுத்துவிட்டால் அந்தக் கிழவரின் முகம் வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதிலிருந்து அவள் வேலை எடுப்பதுதான் ஆயிற்று. சேர்ப்பதற்குத்தான் எல்லாரும் இருக்கிறார்களே. அவள் எடுத்து எடுத்து ஒரு முகத்தையும் ஒரு பெயரையும் மீதி வைப்பாள். வந்தவர் பார்த்ததும், "எங்க மாமா போட்டோ இல்லியே, வட்டச் செயலாளர் போட்டோ இல்லியே, பேரப்பசங்க எங்க?" என்பார். அவள் மறுபேச்சில்லாமல் எல்லாவற்றையும் திரும்ப ஒட்டிக் கொடுப்பாள். பிழைப்பு அது. ஆனால் தான் முதலில் செய்ததை அழிக்க மாட்டாள். கம்ப்யூட்டரில் 'என்னுது' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தாள். அச்சேறாத பேனர்கள் எல்லாம் அதில் கிடந்தன.

அவள் கணவன் ஏழுமலை, சிப்காட் தொழிற்பேட்டைக்குள் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். சொந்த வேன், கடனில் வாங்கியது. காலை ஷிப்டுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டு, மாலையில் கொண்டுவந்து விடுவான். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி கார்களுக்கான பாகங்கள் செய்கிற கம்பெனி அது. ஒரு நாள் அங்கிருந்து அன்புராஜ் என்கிற பாதுகாப்பு அதிகாரி பிளெக்ஸ் கடைக்கு வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மரியாதையான பேச்சு.

"சிஸ்டர், எங்க கஸ்டமர் கம்பெனிலேர்ந்து ஃபாரின் ஆடிட் வராங்க. பிரஸ் ஷாப்ல சேஃப்டி போர்டு எல்லாம் புதுசா மாத்தணும். நல்லா பளிச்சுனு பண்ணிக் குடுங்க."

"நான் அந்த எடத்தப் பாக்கணும் சார்," என்றாள் திலகவதி.

சந்திரமோகன் அந்தப் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆனால் அன்புராஜ் சரி என்றுவிட்டார். படித்தவர், ஒரு டிசைனர் நேரில் பார்க்க விரும்புவது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்திருக்கலாம்.

தொப்பியும் கண்ணாடியும் மாட்டி அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். இடி இடிப்பதுபோலச் சத்தம். வரிசையாகப் பத்துப் பதினைந்து பிரஸ்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் ஆள். அநேகமாக எல்லாரும் ஒடிசா, பீகார் பையன்கள். பழைய போர்டுகள் மின்விசிறிக்குப் பக்கத்தில் உயரத்தில் தொங்கின. ஆங்கிலத்தில் பத்திபத்தியாக எழுதியிருந்தது. திலகவதி போர்டுகளைப் பார்க்கவில்லை. ஒரு பிரஸ்ஸின் பக்கத்தில் ஒதுங்கி நின்று, அங்கே வேலை செய்த பையனின் கண் எங்கெல்லாம் போகிறது என்று பார்த்தாள். தகடு, அச்சு, பட்டன், கூடை. மறுபடி தகடு, அச்சு, பட்டன், கூடை. அவன் ஒரு தடவைகூட நிமிரவில்லை. மேலே தங்கத்தால் எழுதி மாட்டியிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

இன்னொன்றையும் பார்த்தாள். அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன்கள். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்க வேண்டும். அப்படிச் செய்யும்போது எந்தக் கையும் உள்ளே இருக்க முடியாது. ஆனால் இடப்பக்கத்துப் பட்டனில் ஒரு அட்டைத் துண்டைச் செருகி டேப் சுற்றியிருந்தது. பையன் வலது கையால் மட்டும் அழுத்தினான். இடது கை அடுத்த தகட்டை நகர்த்திக்கொண்டிருந்தது.

டீ நேரத்தில் அவனிடம் கேட்டாள். பெயர் சனாதன் என்றான். ஒடிசாவிலிருந்து வந்து தமிழ் கொஞ்சம் பிடித்திருந்தான். "ரெண்டு கை லேட் அக்கா. ஒரு கை, டார்கெட் ஆகும்," என்று சிரித்தான்.

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்து, அவன் இடது கையை அதன்மேல் விரிக்கச் சொன்னாள். பேனாவால் சுற்றி வரைந்தாள். சுண்டுவிரல் நுனியில் லேசாக வளைந்திருந்தது. அதையும் அப்படியே எடுத்தாள். பையனுக்குக் கூச்சம், சிரிப்பு. கூட்டாளிகள் சுற்றி நின்று கிண்டல் செய்தார்கள்.

"என் கை சினிமால வருமா அக்கா?"

"போர்டுல வரும்."

கடைக்குத் திரும்பியதும் அவள் முதலில் மண்டையோடு வைத்துப் பார்த்தாள். மின்கம்பம் தொடங்கி எலி மருந்து வரைக்கும் அதே மண்டையோடுதான். பார்த்துப் பார்த்து அது பொம்மையாகிவிட்டது. ரத்தச் சொட்டு வைத்தாள். பக்கத்துக் கறிக்கடைப் பலகைபோல இருந்தது. எடுத்தாள். எழுத்தே வேண்டாம் என்று முடிவு செய்தாள். எந்த மொழியில் எழுதினாலும் அங்கே பாதிப் பேருக்குப் போய்ச் சேராது. மஞ்சள் பின்னணியில் கீழே ஒரு கை, மேலே ஒரு கறுப்புக் கட்டை. இரண்டே இரண்டு.

அந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்பதில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். அதிகமாக விட்டால் கை யாருக்கோ டாட்டா காட்டுவதுபோல இருந்தது. ஒட்டி வைத்தால் எல்லாம் முடிந்துபோனதுபோல இருந்தது. முடிந்துபோனதைப் பார்க்கிறவன் ஐயோ பாவம் என்பான், தன் கையை இழுக்க மாட்டான். இழுத்துக்கொள்ள இன்னும் ஒரு நொடி இருக்கிறது, ஒரே ஒரு நொடி, என்று அந்த இடைவெளி சொல்ல வேண்டும். மயிரிழையாய் ஏற்றி இறக்கி, தாளில் எடுத்து, எதிர் டீக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்து தூரத்திலிருந்து பார்ப்பாள். மறுபடி வந்து உட்காருவாள். சாப்பாட்டு டப்பா திறக்காமலேயே வீட்டுக்குப் போன நாட்கள் உண்டு.

"அந்தக் கைக்கு வளையல் ஒண்ணு போட்டு விட்ரு, வேல முடிஞ்சிரும்," என்று சந்திரமோகன் நக்கலடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிப்காட் பையன்கள் போனுக்கு ரீசார்ஜ் செய்யவும் காய்கறி வாங்கவும் பஜாருக்கு வருகிற நாள். லாரியில் மூட்டை ஏற்றும் ஒருவன் டீக்கடைச் சுவரில் இருந்த தாளைப் பார்த்தான். டீ கிளாஸைப் பிடித்திருந்த கையை வெடுக்கென்று நெஞ்சோடு இழுத்துக்கொண்டான். டீ சட்டையில் கொட்டியது. ஏன் இழுத்தோம் என்று அவனுக்கே தெரியாமல் நாலா பக்கமும் பார்த்தான். கடைக்குள்ளிருந்து அதைப் பார்த்த திலகவதி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பத்து வருஷத்துக்கு மேல் இந்த வேலை செய்கிறாள். தான் செய்த ஒன்று ஒரு மனிதனைத் தொட்டு நகர்த்தியதை அவள் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் முறை.

சனாதனும் அன்றைக்கு வந்திருந்தான். சுண்டுவிரலைக் கண்டுபிடித்துவிட்டான். "ஏ, என் கை!" என்று கூட்டாளிகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டி, பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டான்.

அன்புராஜ் டிசைனைப் பார்க்க வந்தார். திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு சிஸ்டர். ஆனா எம்.டி. போட்டோ எங்க?"

"இது மெஷின் மேல, பட்டன் பக்கத்துல ஒட்றதுக்கு சார். ரெண்டு உள்ளங்கை அளவுதான். இதுல அவரு வந்தா கை தெரியாது."

"லோகோவும் இல்ல. கம்பெனியோட கமிட்மென்ட்டுனு ஒரு வரி வேணாமா? ஆடிட்டருங்க கேட்லயே நின்னு போட்டோ எடுப்பாங்க. அங்க பெருசா ஒண்ணு நிக்கணும். அதான் கேட்டேன்."

"ஆடிட்டருங்க கைய உள்ள வுட மாட்டாங்களே சார்," என்றாள் திலகவதி. சொன்ன பிறகுதான் வார்த்தை கொஞ்சம் மீறிவிட்டது தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "அப்புறம், அந்த எடது பட்டன கட்டி வெச்சிருக்காங்க. அத்த அவுத்து வுட்டாதான் எந்த போர்டுக்கும் அர்த்தம்."

அன்புராஜ் புன்னகைத்தார். கோபமே இல்லாத புன்னகை. "புரொடக்‌ஷன நாங்க பாத்துக்கறோம். நீங்க டிசைன் மட்டும் பாருங்க."

அன்று சாயங்காலத்துக்குள் அவள் வேறொன்று செய்து கொடுத்தாள். வணக்கம் சொல்லும் எம்.டி., இணையத்திலிருந்து எடுத்த வெள்ளைக்கார அப்பா அம்மா குழந்தை, மூன்று மொழியில் 'பாதுகாப்பே நம் பண்பாடு'. எழுத்துக்குப் பின்னால் நிழலும் போட்டாள். கேட்டில் அது யானை உயரத்துக்கு நின்றது. கை படம் ஃபோல்டருக்குள் போயிற்று. ஆடிட் நன்றாக முடிந்ததாக ஏழுமலை வந்து சொன்னான். டிரைவர்களுக்கும் சுவீட் கொடுத்தார்களாம்.

மார்கழிக் குளிரில் ஒரு காலை. விடியுமுன் வேலைக்குப் போன ஏழுமலை ஒன்பது மணிக்குமேல்தான் திரும்பி வந்தான். வேனை வாசலில் நிறுத்தி, பக்கெட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனான். என்னவென்று பார்க்கத் திலகவதி பின்னாலேயே போனாள். நடு சீட்டில் ரத்தம்.

"யாருக்குயா இன்னா ஆச்சு?"

"பிரஸ்ல ஒரு பையன். எடது கையி. கட்ட வெரல் மட்டும் கீது, மிச்சம் நாலும் போச்சு." அவன் துணியால் தேய்த்துக்கொண்டே பேசினான். "ஆம்புலன்ஸ் கூப்புடாத, வேன்ல ஏத்துன்னுட்டாங்க. செங்குன்றம் தாண்டி பிரைவேட் ஆஸ்பத்திரி. வழியெல்லாம் அந்தப் பையன் அழல திலகா. கைய துணில சுத்தி மடில வெச்சிகினு, 'டூட்டி போச்சா அண்ணா, டூட்டி போச்சா'ன்னு கேட்டுகினே வந்தான்."

அவளுக்குப் பெயர் கேட்கத் தோன்றவில்லை. கேட்காமலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள். ஏழுமலை சொன்னான்.

அன்று மத்தியானம் அன்புராஜ் கடைக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. திலகவதியிடம் பேசாமல் நேராகச் சந்திரமோகனிடம் போனார். "போன தடவ ஒரு கை படம் போட்டீங்களே, அது இருக்கா? ஒடனே வேணும். எல்லா பிரஸ்ஸுக்கும். கொஞ்சம் பழசு மாதிரி தெரியணும். கிரீஸ் கீஸ் தேச்சிக்கலாம், அத நாங்க பாத்துக்கறோம்."

சந்திரமோகன் திலகவதியைப் பார்த்தார்.

"குடுக்க மாட்டேன்," என்றாள் அவள்.

"சிஸ்டர், இது உங்க டிசைன்தான? நல்ல டிசைன். அன்னிக்கே சொன்னேனே. இப்ப மாட்டறோம். நல்லதுதான?"

"இன்னிக்குத் தேதி போட்டு மாட்டுங்க சார். நானே வந்து ஒட்டிக் குடுக்கறேன்."

அன்புராஜ் போன் பேசுவதுபோல வெளியே போய்விட்டார். சந்திரமோகன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். அவர் குரலில் அதட்டல் இல்லை.

"அந்தப் பையனுக்காக நான் வருத்தப்படலன்னு நெனைக்கிறியா? ஆனா இந்த சிப்காட்ட நம்பித்தாம்மா கட ஓடுது. நாளிக்கு ஒருத்தனும் வரலன்னா மெஷின நான் தின்னுவனா? உன் ஊட்டுக்காரன் வேனும் அங்கதான ஓடுது. நீ செய்ய வாணாம். நகந்துக்கோ. நான் செஞ்சுக்கறேன்."

அவள் நகர்ந்தாள். அவரே மவுஸைப் பிடித்துத் தேடித் தேடி அந்த ஃபோல்டரைத் திறந்தார். அவருக்கு டிசைன் வேலை சரியாக வராது. எதையெதையோ அழுத்தி ஒரு வழியாக மெஷினுக்கு அனுப்பினார். ஸ்டிக்கர் தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது. கை வந்தது, இடைவெளி வந்தது, கறுப்புக் கட்டை வந்தது. தானே செய்ததை அவள் அதுவரை ஸ்டிக்கர் தாளில் பார்த்ததில்லை. தெளிவாக இருந்தது. ஆனால் மஞ்சளில் பச்சை ஏறியிருந்தது. மெஷின் வெளிச்சத்தில் ஒட்டினால் கை மங்கிப்போகும்.

"தாளுக்கு வெச்ச மீடியா செட்டிங் தப்பாக் கீது," என்றாள் அவள். "ரெண்டாவது வையிங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் பேசியதே அவள் காதில் விழுந்தது. சந்திரமோகன் செட்டிங்கை மாற்றினார். அடுத்து வந்தவை எல்லாம் சரியான மஞ்சளில் வந்தன. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

அன்று வீட்டில் ஏழுமலை அவளிடம் கெஞ்சினான். "நாம போயி இன்னா பண்ண முடியும் திலகா? அவனுங்களே ஆஸ்பத்திரி செலவெல்லாம் பாக்கறானுங்க. ஊருக்கு அனுப்பி வெக்கிறேன்றானுங்க. நீ பூந்து எதுனா பேஜாரு பண்ணிக்காத."

அவள் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். சனாதன் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். கட்டுப் போட்ட கை தலையணை அளவுக்கு இருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"நேத்து அடி படறப்ப அந்த போர்டு உன் மெஷின்ல இல்ல. பட்டன் கட்டியிருந்துச்சு. யாரு வந்து கேட்டாலும் இதச் சொல்லு," என்றாள், மெதுவாக, அவனுக்குப் புரியும்படி.

அவன் முகம் மாறியது. "சார் வந்தார் அக்கா. போன்ல படம் காட்டினார். இந்தப் படம் உனக்குத் தெரியுமா கேட்டார். நான் தெரியும் சொன்னேன். என் கை சொன்னேன். என் போன்லயும் இருக்கு, காட்டினேன்."

திலகவதி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"முன்னாடியே பாத்தியா கேட்டார். பாத்தேன் சொன்னேன். எழுதினார். சைன் போட்டேன்." அவன் அவள் முகத்தையே பார்த்தான். "தப்பா அக்கா?"

"இல்ல," என்றாள் அவள். "நீ உண்மையத்தான் சொல்லியிருக்க."

வாங்கிப் போயிருந்த ஆப்பிளைக் கட்டில் பக்கத்தில் வைத்தாள். அவன் ஒரு கையால் அந்தப் பையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்து முடியாமல் விட்டான். அவள் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

விபத்தை விசாரிக்கும் அதிகாரி திருவள்ளூரில் இருப்பதாகத் தெரிந்துகொண்டு, ஏழுமலையிடம் சொல்லாமல் பெரியபாளையம் வழியாகப் பஸ் ஏறிப் போனாள். அந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முழுவதையும் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்துவிட்டுத் தன் மேஜையில் இருந்ததைப் புரட்டினார்.

"நான் மெஷினப் போய்ப் பாத்தேம்மா. ஸ்டிக்கர் இருக்கு. பட்டன் ரெண்டும் நல்லாத்தான் வேலை செய்யுது."

"அப்புறமா ஒட்டினது சார். அப்புறமா அவுத்து வுட்டது."

"சரி. அந்தப் பையன் முன்னாடியே இந்தப் படத்தப் பாத்திருக்கேன்னு சொல்லியிருக்கானே?"

"அது டீக்கடைல பாத்தது. நான்தான் காட்டினேன். அவன் கைய வெச்சுத்தான் வரஞ்சேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ, கைய உள்ள வுட்டா ஆபத்துன்னு அடி படறதுக்கு முன்னாடியே அவனுக்குப் படத்தக் காட்டிப் புரிய வெச்சிருக்கீங்க. நீங்களே."

"சார், அது..."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் நெனைக்கல. ஆனா நீங்க சொல்றத நான் அப்படியே எழுதினாலும் அது அந்தப் பையனுக்கு எதிராத்தாம்மா போவும். எழுதட்டுமா?"

வெளியே மரத்தடியில் ஜெராக்ஸ் கடைகளின் முன்னால் கூட்டம் நின்றது. திலகவதி நெடுநேரம் யோசித்தாள். எழுதட்டுமா என்றவர் எதிரிலேயே உட்கார்ந்து யோசித்தாள். அவரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில், "பட்டன் கட்டியிருந்தத மட்டும் எழுதிக்கங்க சார், நான் கண்ணால பாத்தேன்," என்றாள். அவர் எழுதிக்கொண்டார். அவள் கையெழுத்துப் போட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும்போது, அந்தப் படத்தை வரையாமலே இருந்திருந்தால்கூட அவனுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

பட்டன் விஷயம் எதுவும் ஆகவில்லை. தொழிலாளியின் கவனக்குறைவு, எச்சரிக்கைப் பலகை தெளிவாக இருந்தது என்று முடிந்துபோனது. ஆனால் அவள் போய் வந்த செய்தி கம்பெனிக்குப் போய்விட்டது. பொங்கல் முடிந்ததும் ஏழுமலையின் வேனை நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை, வேறு வண்டி வந்துவிட்டது, அவ்வளவுதான். அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாப்பிட உட்காரும்போது தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, எங்கோ பார்த்துக்கொண்டு சாப்பிடுவான். அப்புறம் வேனை விற்றான். மீஞ்சூர் பக்கம் தண்ணீர் லாரி ஒன்றுக்கு டிரைவராகப் போனான். சனாதனைச் சென்ட்ரலில் ரயில் ஏற்றிவிட்டதாக அவன் கூட்டாளி ஒருவன் சொன்னான். சனாதனின் போன் நம்பரும் மாறிவிட்டது.

திலகவதி பிளெக்ஸ் கடையை விட்டுவிட்டாள். சந்திரமோகன் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், உண்மையாகவேதான் சொன்னார். அதற்குள் மற்றக் கம்பெனிகளிலிருந்து "அந்தக் கை ஸ்டிக்கர்" என்று கேட்டு வரத் தொடங்கியிருந்தார்கள். அவர் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வேறு கடைக்காரன் ஒருவன் அதைப் பார்த்துத் தானும் போட்டான். அவன் இடைவெளியைக் குறைத்துவிட்டான், ஓரத்தில் ரத்தச் சொட்டும் வைத்தான். தச்சூர் கூட்டுரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் அதைப் பார்த்தபோது, திலகவதிக்குக் கோபம் வரவில்லை. சுண்டுவிரலை மட்டும் நிமிர்த்தி வைத்திருக்கிறானே என்று பார்த்தாள்.

இப்போது அவள் மீஞ்சூரில் சத்யா என்ற பெண் நடத்தும் போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்கிறாள். ஆல்பத்துக்கு நேரில் போய் நின்று பார்க்க எந்த இடமும் இல்லை. பின்னணிப் படங்கள் தயாராக இருக்கின்றன. மாப்பிள்ளையையும் பெண்ணையும் வெட்டி எடுத்து, அருவிக்கோ அரண்மனைக்கோ முன்னால் நிறுத்தினால் போதும். வேகமாகச் செய்கிறாள். சத்யாவுக்கு அவளைப் பிடித்திருக்கிறது. ஒரு தடவை, "அக்கா, நீங்க முன்னாடி நல்ல டிசைனர்னு சொன்னாங்க. லோகோ எல்லாம் பண்ணுவீங்களா?" என்று கேட்டாள். "அதெல்லாம் மறந்து போச்சு," என்றாள் திலகவதி.

போன மாசி மாதம் அவளுக்கு ஒரு போன் வந்தது. அன்புராஜ். வேறு பெரிய கம்பெனிக்கு மாறிவிட்டாராம். குரலில் உற்சாகம்.

"சிஸ்டர், நல்லா இருக்கீங்களா? ஒரு நல்ல விஷயம். பழைய கம்பெனிக்கு சேஃப்டி வாரத்துல பரிசு வந்திருக்கு. அந்தக் கை போர்டுக்குத்தான். ஜட்ஜ் ரொம்ப நேரம் அதப் பத்தியே பேசினாராம். எழுத்தே இல்லாம எப்படி இப்படி சொல்ல முடிஞ்சதுன்னு. உங்க பேரு சொல்ல முடியல, எம்.டி.தான் மேடையில வாங்கினாரு. ஆனா உங்களுக்குத் தெரியணும்னு தோணுச்சு."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் கூப்பிட்டிருக்கிறார். அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"இங்கயும் புதுசா ஒரு செட் போர்டு வேணும். உங்க இஷ்டப்படி பண்ணுங்க. இந்த வாட்டி எம்.டி. போட்டோ கேக்க மாட்டேன்," என்று சிரித்தார். "எப்ப வரீங்க, எடத்தப் பாக்க?"

"அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்னு தெரியுமா சார்?"

"எந்தப் பையன்?"

அவள் சொல்லவில்லை. பிறகு, "ஓ, அவனா? ஊருக்குப் போய்ட்டான்ல சிஸ்டர். செட்டில் பண்ணித்தான அனுப்பினோம்," என்றார்.

"எனக்கு இங்க வேல கீது சார்," என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

கவுன்டரில் ஒரு மாப்பிள்ளையின் அம்மா காத்துக்கொண்டிருந்தாள். மணமேடைப் படத்தில் ஓரமாக நிற்கும் ஒரு சொந்தக்காரரை எடுத்துவிட வேண்டுமாம். இப்போது பேச்சுவார்த்தை இல்லையாம்.

"தெரியாம எடுத்துடுவியாம்மா? ஆளு இருந்த அடையாளமே இருக்கக் கூடாது."

"எடுத்துடலாம்," என்றாள் திலகவதி. பக்கத்திலிருந்த வாழைமரத்தைக் கொஞ்சம் இழுத்து அந்த ஆளின் மேல் வைத்துத் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் இலை மட்டும் இருந்தது. அந்த அம்மாளுக்கு ரொம்பத் திருப்தி.